எதிர்வீட்டுக்காரரின் பெயர்

அன்புள்ள ஐயா,

எங்கள் குடியிருப்பில் நாற்பது வீடுகள், நான்கைந்து மொழிகள். போன மாதம் இரண்டு சைக்கிள்கள் காணாமல் போயின. எதிர்வீட்டுக்கு ஒரு குடும்பம் வந்து மூன்று வருடமாகிறது, அவர்கள் யாரோடும் பேசுவதில்லை. அவர்கள் மொழியும் எங்களுக்குப் புரியாது. எல்லோருக்கும் அவர்கள் மேல்தான் சந்தேகம். கேமரா வைத்தால் போதுமா? நம்மவர்கள் மட்டும் இருக்கும் இடத்துக்கு மாறிவிடலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கேமரா உங்கள் விருப்பம். சைக்கிளுக்கு போலீஸில் புகார் கொடுங்கள். நான் சில நாட்களாக யோசித்துக்கொண்டிருந்தது வேறு.

‘அவர்கள்’, ‘அவர்கள்’ என்றே எழுதியிருக்கிறீர்கள். மூன்று வருடமாக எதிரே இருப்பவருக்கு ஒரு பெயர் கிடையாதா? எந்த ஆதாரமும் இல்லாமல் ஒரு குடும்பத்தைத் திருடர்களாக்கப் பார்க்கிறீர்களே, அது பெரிய தப்பு.

பலதரப்பட்டவர்கள் வாழும் பகுதிகளில் மனிதர்கள் ஒதுங்கிப்போகிறார்கள், தங்கள் இனத்தாரைக்கூட நம்புவது குறைகிறது என்று அமெரிக்க அரசியல் அறிஞர் ராபர்ட் பட்னம் 2007இல் எழுதினார். சரி, உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் பழக்கம் வேறு, நம்பிக்கை வேறு. அமெரிக்காவின் சிகாகோவில் 1995இல் சமூகவியலாளர் ராபர்ட் சாம்ப்சன் குழுவினர் 343 பகுதிகளில் 8,782 பேரைச் சந்தித்தார்கள். பள்ளிக்குப் போகாமல் பிள்ளைகள் தெருமுனையில் நின்றால் அக்கம்பக்கத்தார் கேட்பார்களா, வாசலில் அடிதடி நடந்தால் தடுக்க வருவார்களா என்றெல்லாம் கேட்டார்கள். ஒருவரையொருவர் நம்பி, ‘வருவார்கள்’ என்று சொன்ன பகுதிகளில் வன்முறை குறைவாக இருந்தது. வறுமையையும் அடிக்கடி வீடு மாறுவதையும் கணக்கில் எடுத்த பிறகும் அப்படித்தான். விருந்துக்குக் கூப்பிட வேண்டாம், ஒரே மொழியும் வேண்டாம். ஒன்று என்றால் வருவார்கள் என்ற எண்ணம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

என் அம்மா கடைசிக் காலத்தில் எல்லாவற்றையும் மறந்துவிட்டாள். ஒருநாள் விடியற்காலையில் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள். நான் பதறி இறங்கி ஓடினால், கேட்டருகே கீழ்வீட்டுப் பெண்மணி அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தபடி நிற்கிறார். அவருக்கும் எனக்கும் பொதுமொழி கிடையாது. படிக்கட்டில் பார்த்தால் தலையசைப்போம். அம்மா தனியாக வெளியே வரக்கூடாது என்பதை அவராகவே கவனித்து வைத்திருக்கிறார். மழை பெய்த தரை. அம்மாவின் காலில் அவருடைய செருப்பு. அவர் வெறுங்காலோடு நின்றார்.

அன்றுதான் அவர் பெயரைக் கேட்டேன், நான்கு வருடம் கழித்து.