கடல் உள்வாங்குகிறதா என்று பார்க்கப் போகாதீர்கள்

கேள்வி: கடலூர் முதுநகர் பக்கம், உப்பனாற்றுக்கும் கடலுக்கும் நடுவில் எங்கள் வீடு. தளம் போட்ட வீடுதான், மாடி கிடையாது. கடல் நானூறு மீட்டர் இருக்கும். அந்தமானில் நிலநடுக்கம் என்று செய்தி வந்தாலே வாட்ஸ்அப்பில் 'ஓடுங்கள்' என்று வந்துவிடுகிறது. மாமியாருக்கு முட்டித் தேய்மானம், பத்தடி நடந்தால் உட்கார்ந்துவிடுவார். எந்தச் செய்திக்கு ஓடுவது, எதற்குச் சும்மா இருப்பது? வீட்டுச் சுவரில் மாட்டும் 'சுனாமி அலாரம்' ஒன்றைப் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு ஒருவர் விற்கிறார். அவரே சுனாமிக்குத் தனி இன்சூரன்ஸும் போட்டுத் தருகிறாராம். வாங்கலாமா?
ஒரு வாசகி, கடலூர்

பதில்: அலாரத்தை வாங்காதீர்கள். அட்வான்ஸ் கொடுத்திருந்தால் இன்றே திருப்பிக் கேளுங்கள்.

அந்தப் பெட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் அதிர்வை உணரும் ஒரு சிறிய சென்சார். நம் கரைக்குச் சுனாமியை அனுப்பக்கூடிய நிலநடுக்கம் சுமத்ரா, நிக்கோபார், அந்தமான் வரிசையில் கடலுக்கடியில் நடப்பது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிலோமீட்டர் கடந்து வரும்போது அந்த அதிர்வு மிக மெல்லிய, மெதுவான ஊசலாட்டமாகிவிடும். சுவர்ப் பெட்டி அதைப் பிடிக்காது. தெருவில் மணல் லாரி போனால் அலறும், அம்மிக்கல்லை நகர்த்தினால் அலறும். பத்து முறை வீணாக அலறிய பிறகு நீங்களே பேட்டரியைக் கழற்றி வைத்துவிடுவீர்கள். 'இது இன்டர்நெட்டோடு இணைந்தது, அரசு எச்சரிக்கையை வாங்கிச் சொல்லும்' என்று விற்பவர் சொன்னால், அந்த வேலையை உங்கள் கைப்பேசி காசு வாங்காமல் செய்கிறது என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.

இந்தியாவில் சுனாமி எச்சரிக்கை கொடுக்கும் இடம் ஒன்றுதான்: ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற தேசியக் கடல் தகவல் சேவை மையம். 2007 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. இந்தியப் பெருங்கடலில் 6.5 அளவுக்கு மேல் நிலநடுக்கம் நடந்தால் பத்து நிமிடத்துக்குள் முதல் அறிக்கை வந்துவிடும். பிறகு கடலடி அழுத்தமானிகளும் துறைமுக நீர்மட்டமானிகளும் காட்டுவதைப் பார்த்து அடுத்தடுத்த அறிக்கைகள் வரும். 'இன்னும் 48 மணி நேரத்தில் வங்கக்கடலில் பெரிய நிலநடுக்கம்' என்று எதிர்காலத்தைச் சொல்லும் செய்தி யார் பெயரில் வந்தாலும் பொய். எந்த நாளில், எந்த நேரத்தில் நிலநடுக்கம் வரும் என்று சொல்லும் கருவி உலகில் எங்கும் இல்லை. எச்சரிக்கை என்பது நிலம் ஆடிய பிறகு வருவது.

அப்படியானால் எதற்கு ஓடுவது? அறிக்கையில் மூன்று சொற்கள் வரும். 'வார்னிங்' என்றால் இரண்டு மீட்டருக்கு மேல் அலை எதிர்பார்க்கிறார்கள், வெளியேற வேண்டும். 'அலர்ட்' என்றால் அரை மீட்டரிலிருந்து இரண்டு மீட்டர்; கடற்கரையையும் முகத்துவாரத்தையும் விட்டு விலக வேண்டும். 'வாட்ச்' என்றால் அதற்கும் கீழே; அடுத்த அறிக்கைக்குக் காத்திருந்தால் போதும். இது பொது விதி. உங்களுக்கு நான் சொல்வது வேறு. பின்னால் ஆறு, முன்னால் கடல், நடக்க முடியாத ஒரு பெரியவர் என்று இருக்கும் குடும்பம், 'அலர்ட்' என்ற சொல்லைக் கேட்டதுமே கிளம்பிவிட வேண்டும். அது 'வார்னிங்' ஆகும் வரை இருந்து பார்க்க உங்களால் முடியாது.

அறிக்கை வராமலே கிளம்ப வேண்டிய சமயமும் ஒன்று உண்டு. பக்கத்தில் நடக்கும் சிறிய நிலநடுக்கம் 'தட்' என்று ஒரு உதறு உதறி நின்றுவிடும். தூரத்தில் நடக்கும் மிகப் பெரியது நீளமாக ஆடும்: நிறுத்தி வைத்த மின்விசிறி மெல்ல ஊசலாடும், குடத்து நீர் ஒரு பக்கமாக ஏறி மறுபக்கம் இறங்கும், நிற்பவருக்குத் தலைசுற்றுவது போல இருக்கும். ஒரு நிமிடத்துக்கு மேல் இது நீடித்தால் மாமியாரை வண்டியில் ஏற்றுங்கள். உறுதி செய்துகொள்வதை ஆற்றுப் பாலத்தைத் தாண்டிய பிறகு செய்யலாம்.

கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். இதில்தான் படித்தவர்களும் தவறுகிறார்கள். 'சுனாமி வருவதற்கு முன்னால் கடல் உள்வாங்கும். உள்வாங்கினால் ஓடிக்கொள்ளலாம்' என்று 2004-க்குப் பிறகு எல்லோர் மனதிலும் பதிந்துவிட்டது. தாய்லாந்துக் கரைக்கு அது சரி. நமக்குச் சரியில்லை.

காரணம் எளிமையானது. 2004 டிசம்பர் 26 காலை 6.29-க்குக் கடலடித் தட்டு ஆயிரத்து இருநூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட நீளத்துக்குப் பிளந்தபோது, மேற்குப் பக்கம், அதாவது நம்மைப் பார்த்த பக்கம், கடல்தரை மேலே எழும்பியது. கிழக்குப் பக்கம் தாழ்ந்தது. எழும்பிய பக்கத்திலிருந்து கிளம்பிய அலைக்கு முகடு முன்னால் வரும். தாழ்ந்த பக்கத்து அலைக்குப் பள்ளம் முன்னால் வரும். அதனால் தாய்லாந்தில் முதலில் கடல் வற்றியது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் முதலில் நீர் ஏறியது. இங்கே பலரும் பார்த்த உள்வாங்கல் முதல் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையில் நடந்தது. தரை தெரிகிறதே, மீன் துள்ளுகிறதே என்று இறங்கிப் போனவர்கள் மேல் அடுத்த அலை வந்தது. அதே இடத்தில் இனி ஒரு நிலநடுக்கம் நடந்தாலும் தட்டுகள் நகரும் திசை மாறப்போவதில்லை. ஆகவே கடலைக் காவல்காரனாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. ராமேஸ்வரத்திலும் தூத்துக்குடியிலும் கன்னியாகுமரியிலும் 'கடல் உள்வாங்கியது, மக்கள் அச்சம்' என்று அடிக்கடி செய்தி வருகிறது. காற்றின் திசை மாறுவதாலும், அமாவாசை பௌர்ணமி வற்றத்தாலும் ஆழமில்லாத கரையில் நூறு இருநூறு அடி தரை தெரிவது வழக்கமான ஒன்று. வற்றத்தில் நீர் மணிக்கணக்கில் மெல்ல இறங்கும். சுனாமியில் சில நிமிடங்களில் இழுத்துக்கொண்டு போகும். இந்த வித்தியாசத்தை ஒரு வரியில் எழுதாமல் படத்தை மட்டும் போட்டுப் பயமுறுத்தும் செய்திகளைப் பார்த்துப் பார்த்தே மக்களுக்கு உண்மையான எச்சரிக்கையும் சலித்துப்போகிறது.

'பெரிய நிலநடுக்கம் என்றார்கள், ஓடினோம், ஒன்றும் வரவில்லை' என்று 2012 ஏப்ரல் 11-ஐச் சொல்பவர்கள் உண்டு. அன்று சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவு. சென்னையிலேயே மாடிக் கட்டடங்கள் ஆடின. ஆனால் தட்டுகள் ஒன்றையொன்று பக்கவாட்டில் உரசி நகர்ந்தன. கடல்தரை பெரிதாக எழும்பவில்லை, நீரும் எழும்பவில்லை. நகர்வு எந்த வகை என்பது முதல் பத்து நிமிடத்தில் உறுதியாகத் தெரியாது. ஆகவே அன்று ஓடியது சரி. மாலையில் எச்சரிக்கையை விலக்கியதும் வீடு திரும்பியதும் சரி.

இப்போது உங்கள் வீட்டுக் கணக்கு. 2004-இல் நிலம் ஆடியதற்கும் நம் கரையில் அலை ஏறியதற்கும் நடுவே ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் இருந்தது. அறிக்கை வந்து, மாவட்டத்துக்குப் போய், உங்கள் தெருவுக்கு வர அரை மணி போகட்டும். கையில் இரண்டு மணி நேரம் என்று திட்டமிடுங்கள். (அந்தமான் நிக்கோபாரில் சொந்தக்காரர் இருந்தால் இந்தக் கணக்கைச் சொல்லாதீர்கள். அங்கே நிமிடங்கள்தான், ஆட்டம் நின்றதும் மேட்டுக்கு ஓட வேண்டும்.) இரண்டு மணி நேரம் தாராளம், ஒரு நிபந்தனையோடு: பாலம். உங்கள் பகுதி ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு நாடா போலக் கிடக்கிறது. ஊர் முழுக்க ஒரே பாலத்தில் ஏறும்போது கார், டெம்போ, மாட்டுவண்டி எல்லாம் சிக்கும். முதல் இருபது நிமிடத்தில் தாண்டியவர் தாண்டியதுதான். ஆற்றோரச் சாலையிலேயே போய்விடலாம் என்று எண்ணாதீர்கள். சுனாமி முகத்துவாரம் வழியாக ஆற்றில் ஏறி ஊருக்குப் பின்புறம் வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பாருங்கள். மாமியாரை டூவீலரில் நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு, பாலம் தாண்டி இரண்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் உறவினர் வீடுவரை எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். டூவீலரில் உட்கார முடியாவிட்டால் பக்கத்துத் தெரு ஷேர் ஆட்டோக்காரரிடம் இப்போதே பேசி வையுங்கள். அன்றைக்கு வருவதாக இரண்டு பேர் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். ஒருவர் தன் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போய்விடுவார், அது இயல்பு. இரண்டும் தவறினால் உங்கள் பகுதியில் தூண்கள் எழுப்பிக் கட்டிய காங்கிரீட் கட்டடத்தின் இரண்டாவது மாடி. உங்கள் வீட்டு மொட்டைமாடி போதாது. 2004-இல் நம் கரையில் பல இடங்களில் நீர் நான்கைந்து மீட்டர் ஏறியது. உங்கள் தளம் மூன்று மீட்டர் உயரம்.

அரசு கட்டிய புயல் பாதுகாப்பு மையம் பக்கத்தில் இருந்தால் ஒரு கேள்வி கேட்டு வையுங்கள்: சாவி யாரிடம்? பல கோடி செலவில் கட்டிய மையத்தைப் பூட்டிவிட்டு, சாவியை ஊரில் இல்லாத ஒருவரிடம் கொடுத்து வைப்பது நம் நிர்வாகத்தின் தீராத வியாதி. ஒத்திகை நடந்ததாகப் பதிவேட்டில் கையெழுத்து இருக்கும், கலந்துகொண்டவர் ஊரில் இருக்கமாட்டார். ஒடிசாவின் வெங்கட்ராய்ப்பூர், நோலியாசாஹி என்ற இரு கடற்கரை ஊர்கள் வரைபடம், வழிகாட்டிப் பலகை, ஒத்திகை எல்லாம் முடித்து 2020-இல் யுனெஸ்கோவின் 'சுனாமிக்குத் தயார்' அங்கீகாரம் வாங்கின. அவை மீனவக் கிராமங்கள்தான். கிராமசபையில் எழுந்து 'நம் ஊருக்கு எப்போது?' என்று கேளுங்கள். கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.

கைப்பேசியில் செட்டிங்ஸ் போய் 'வயர்லெஸ் எமர்ஜென்சி அலர்ட்ஸ்' திறந்திருக்கிறதா பாருங்கள். 2023 அக்டோபரில் எல்லோர் போனும் ஒரே நேரத்தில் அலறியதே, அந்த வழிதான். எரிச்சலில் பலர் அன்றே அணைத்துவிட்டார்கள். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'சசேத்' செயலியையும் இறக்கி, மாவட்டத்தைக் கடலூர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலம் 1070.

கிளம்பும்போது சிலிண்டர் வால்வையும் மெயின் சுவிட்சையும் அணையுங்கள். மாமியாரின் ஒரு வார மருந்து, குடிநீர், டார்ச், ஆவணங்கள் வைத்த ஜிப் கவர். இதற்கு மேல் எடுக்க வேண்டாம். படகு கட்டியிருக்கிறதே என்று வீட்டு ஆண்கள் துறைமுகத்துக்கு ஓடக்கூடாது. ஏற்கெனவே கடலில் இருப்பவர்கள் கரைக்கு வரக்கூடாது. நூறு மீட்டர் ஆழத்துக்கு, மீனவர் கணக்கில் ஏறக்குறைய ஐம்பத்தைந்து பாகத்துக்கு அப்பால் போய்விட்டால் சுனாமி படகுக்கடியில் தெரியாமலே போய்விடும்.

போனவர்கள் திரும்பி வருவதுதான் பெரிய ஆபத்து. 2004-இல் இலங்கையின் பெரலியாவில் முதல் அலையில் நின்றுபோன ரயிலைப் பாதுகாப்பு என்று நம்பி ஊர்மக்கள் அதில் ஏறினார்கள். அடுத்த அலை அந்த ரயிலையே புரட்டியது. அலைகள் இருபது நிமிடத்திலிருந்து முக்கால் மணி வரை இடைவெளி விட்டு, பல மணி நேரம் வரும். முதலாவதே பெரியது என்ற விதி இல்லை. நீர் வடிந்துவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் போதாது, எச்சரிக்கை விலக்கப்பட்டதாக அறிவிப்பு வர வேண்டும். திரும்பியதும் உப்புநீர் புகுந்த வயரிங்கை எலக்ட்ரீஷியன் பார்க்காமல் மெயினைப் போடாதீர்கள்.

கடைசியாக இன்சூரன்ஸ். சுனாமிக்குத் தனி பாலிசி தேவையில்லை. 2021 ஏப்ரலிலிருந்து எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்கும் 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசியிலேயே நிலநடுக்கம், புயல், வெள்ளம், சுனாமி நான்கும் அடக்கம். கட்டடத்துக்குக் காப்பீடு செய்த தொகையில் இருபது சதவீதம், பத்து லட்சம் வரை, வீட்டுச் சாமான்களுக்கும் தானாகவே சேரும். நிலத்தின் விலையைச் சேர்த்துத் தொகையை ஏற்றிக் காட்டும் ஏஜெண்டை நம்பாதீர்கள். மீண்டும் கட்டும் செலவு மட்டும்தான் கணக்கு, கடல் அரித்த மண்ணுக்கு ஒரு பைசா வராது. படகு இதில் சேராது, அதற்குத் தனி. வீட்டுக் கடன் இருந்தால் வங்கி ஏற்கெனவே ஒரு பாலிசி போட்டிருக்கக்கூடும். அதன் நகலைக் கேட்டு வாங்கி 'சுனாமி' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டை ஒவ்வொரு அறையாகப் படமெடுத்து மகனுக்கோ மகளுக்கோ மெயிலில் அனுப்பி வையுங்கள். பிரீமியத்தை நிறுவனத்தின் பெயரில் மட்டும் கட்டுங்கள், அலாரம் விற்பவரின் கூகுள் பே எண்ணுக்கு அல்ல.