வேல் இல்லாத முருகன்

அன்புள்ள ஐயா,

வணக்கம். போன மாதம் ராயபுரத்தில் நீங்கள் பேசிய கூட்டத்துக்கு வந்திருந்தேன். ஓட்டோ டிக்ஸ் என்ற ஜெர்மன் ஓவியர் முதல் உலகப் போரில் இயந்திரத் துப்பாக்கி இயக்கியவர், பிறகு போருக்கு எதிரான படங்களைப் போட்டவர், வயதான காலத்தில் ஏசுவையும் மாதாவையும் வரைந்தவர் என்று சொன்னீர்கள். கேட்டதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை.

என் அப்பா ராணுவத்தில் இருந்தவர். 1987ல் இந்திய அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனார், 1990ல் திரும்பினார். அங்கே என்ன நடந்தது என்று எங்களிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. "நம்ம ஜனங்களையே சுட்டீங்களா" என்று சொந்தக்காரர்களே கேட்டிருக்கிறார்கள். எழுந்து வெளியே போய்விடுவார். 2009 மே மாதம் டிவியில் முள்ளிவாய்க்கால் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. டிவியை நிறுத்திவிட்டு என் மகனுடைய கலர் பென்சிலை எடுத்து வரைய உட்கார்ந்தார். அன்றிலிருந்து முருகன்தான். பீரோவின் மேல்தட்டு முழுக்க முருகன். எந்தப் படத்திலும் வேல் கிடையாது. கேட்டால் "அப்புறம் போட்டுக்கலாம்" என்பார். தெருவில் சண்டை என்றால் நடுவில் போய் நின்றுவிடுவார். இந்த வயதில் இரண்டு முறை அடியும் பட்டிருக்கிறார்.

துப்பாக்கி பிடித்தவர்கள் கடைசியில் சாமி படம் வரைவது, செய்ததை மறைத்துக்கொள்ளத்தானா ஐயா? டிக்ஸ் தானாகவே படையில் சேர்ந்தவர், பதக்கம் வாங்கியவர் என்று நீங்களே சொன்னீர்கள். தப்பாகக் கேட்டிருந்தால் மன்னிக்கவும். பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகி,
தண்டையார்பேட்டை

அன்புள்ள சகோதரிக்கு,

தப்பாக எதுவும் கேட்கவில்லை. பதில் எழுதத்தான் எனக்கு மூன்று வாரம் ஆகிவிட்டது. இரண்டு முறை எழுதிக் கிழித்துப் போட்டேன்.

டிக்ஸைப் பற்றிக் கூட்டத்தில் நேரம் இல்லாமல் பலதை விட்டுவிட்டேன். அவர் விரும்பிச் சேர்ந்தவர்தான். போர்முனைக்கு பைபிளையும் நீட்சே என்ற ஜெர்மன் தத்துவவாதியின் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போனார். ஷாம்பெயின், சோம், ஃப்ளாண்டர்ஸ் என்று மேற்குமுனையின் மோசமான இடங்களிலெல்லாம் இருந்தார். இரும்புச் சிலுவைப் பதக்கம் வாங்கினார், 1918ல் கழுத்தில் காயம்பட்டார். போரைக் கண்ணால் பார்த்தே தீர வேண்டும் என்ற வேகம் அவருக்கு இருந்தது, அதைப் பின்னாளில் ஒளிக்கவும் இல்லை. ஊர் திரும்பிய பிறகு பத்து வருஷத்துக்கு மேல் அவருக்குத் திரும்பத் திரும்ப ஒரு கனவு வந்தது. இடிந்த வீடுகளுக்குள், உடம்பு நுழையாத சந்துகளில், தவழ்ந்துகொண்டே இருப்பதாக.

1924ல் 'போர்' என்ற தலைப்பில் 50 படங்களை வெளியிட்டார். அவை அமிலத்தால் செதுக்கிய படங்கள். உலோகத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் போடுவார்கள். கீறிய இடத்தை அமிலம் தின்றுவிடும், அந்தப் பள்ளத்தில் மை ஏறும். டிக்ஸ் சில தகடுகளை அமிலத்தில் திரும்பத் திரும்ப முக்கி எடுத்தார். அதனால் படத்தில் இருக்கும் பிணத்தின் தோலும் நிஜமாகவே அரித்துப்போன மாதிரி இருக்கும். போர் தொடங்கிப் பத்து வருஷம் ஆன நேரம் அது. 'இனி போர் வேண்டாம்' என்ற இயக்கத்தோடு சேர்ந்து அந்தத் தொகுப்பு ஜெர்மனியின் பல ஊர்களுக்குப் போனது. மேடையேறிச் சமாதானம் பேசுகிற ஆள் இல்லை டிக்ஸ். பார்த்ததைப் பார்த்தபடி போட்டார், அவ்வளவுதான். அதற்கே பதுங்குகுழியை வரைந்த அவருடைய பெரிய ஓவியத்தைக் கொலோன் அருங்காட்சியகம் திரை போட்டு மூடிவைத்தது, பிறகு திருப்பியே கொடுத்துவிட்டது. 1933ல் நாஜிகள் அவரை டிரெஸ்டன் கலைக்கழகப் பேராசிரியர் வேலையிலிருந்து நீக்கினார்கள். மக்களின் போரிடும் உறுதியை அவர் படங்கள் குலைக்கின்றன என்பதும் குற்றச்சாட்டுகளில் ஒன்று. பிறகு அவருடைய சுமார் 260 படைப்புகளைப் பறிமுதல் செய்தார்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். சாமி படம் அவருக்கு வயதான காலத்தில் வந்தது என்று கூட்டத்தில் நான் சொன்னது பாதிதான் சரி. 1929க்கும் 1932க்கும் நடுவில் போரை அவர் ஒரு தேவாலயப் பீடப்படம் போலவே வரைந்தார். நடுவில் ஒரு பலகை, இரண்டு பக்கமும் இறக்கைபோல் இரண்டு, அடியில் ஒன்று. சாமி இருக்கவேண்டிய இடத்தில் சிதைந்த உடல்கள். க்ரூனெவால்ட் என்ற பழைய ஓவியர் 1512 முதல் 1516 வரை வரைந்த பீடப்படம்தான் அதற்கு வழிகாட்டி. அந்தப் பழைய படம் இருந்த மடத்தில் ஒரு வைத்தியசாலை நடந்தது. பூஞ்சை பிடித்த தானியத்தைத் தின்று கைகால் அழுகியவர்கள் அங்கே வந்து படுத்தார்கள். அவர்கள் பார்க்கப் போகிற ஏசுவின் உடம்பிலும் க்ரூனெவால்ட் புண்களை வரைந்து வைத்தார். இன்று அந்தப் படம் பிரான்சின் கோல்மார் ஊரில் இருக்கிறது.

1945ல் தோற்றுக்கொண்டிருந்த ஜெர்மனி கிழவர்களையும் பையன்களையும் படைக்கு இழுத்தது. டிக்ஸுக்கு அப்போது 53 வயது. பிரெஞ்சுப் படையிடம் பிடிபட்டார். அவரைக் கொண்டுபோய் அடைத்த முகாம் அதே கோல்மாரில். அங்கே கைதிகளின் சிற்றாலயத்துக்காக ஒரு மாதா படம் வரைந்தார். மாதாவின் பின்னால் முள்கம்பி, இடிந்த கட்டடங்கள். பக்கப் பலகைகளில் ராயப்பரும் சின்னப்பரும், அதாவது பேதுருவும் பவுலும். நம் ராயபுரத்துக்கே ராயப்பர் பெயர்தானே. படகுக்காரர்கள் கட்டிய அவருடைய கோயிலைத் தாண்டித்தான் நான் தினமும் பால் வாங்கப் போகிறேன். அந்த மாதா படம் இன்று பெர்லினில் 'மரியா ஃப்ரீடன்' தேவாலயத்தில் இருக்கிறது. ஃப்ரீடன் என்றால் சமாதானம்.

மறைத்துக்கொள்ள நினைப்பவர் முள்கம்பியை வரைய மாட்டார், சகோதரி. பூவும் மேகமும் வைத்து முடித்திருப்பார்.

இதை நான் புத்தகம் படித்துப் புரிந்துகொள்ளவில்லை. எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். 1971 போரில் கிழக்கு முனையில் அடிபட்டவர்களை ஸ்ட்ரெச்சரில் தூக்கிவரும் வேலை பார்த்தவர். திரும்பி வந்து மாதா கோயில் சுருபங்களுக்கு, அதாவது சிலைகளுக்கு, பெயின்ட் அடிக்கும் தொழிலில் இறங்கினார். தவக்காலம் தொடங்கும் முன்னால், பெரிய வெள்ளிக்குச் சிலுவையிலிருந்து இறக்கும் ஆண்டவர் சுருபம் அவர் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடும். பழைய பெயின்டை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார், பிளந்த இடத்தில் பட்டி வைத்து அடைப்பார், பிறகு தோல் நிறம். காயத்தைக் கடைசியாகத்தான் தொடுவார். அதற்கென்று அணில்வால் மயிர் பிரஷ் ஒன்று, சிகரெட் பெட்டிக்குள் தனியாக வைத்திருப்பார்.

ஒருமுறை பங்குச் சாமியார் பார்க்க வந்தார். விலாக் காயம் கறுப்பாக இருக்கிறதே, இன்னும் கொஞ்சம் சிவப்பு ஏற்றினால் ஜனங்களுக்குத் தெரியுமே என்றார். பெரியவர் பிரஷைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ரத்தம் செவப்பா இருக்கறதுலாம் கொஞ்ச நேரந்தான் சாமி. அப்பால கறுத்துடும். வெயில் பட்டா தார் மாதிரி ஆய்டும். அந்தம்மா மடியில வாங்கும்போது இப்டித்தான் இருந்திருக்கும்." சாமியார் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வருஷம் சுருபத்தை முத்தமிட வரிசையில் நின்ற என் அம்மா, காயத்தின் மேல் கை வைத்துக்கொண்டு நகரவே இல்லை. பின்னால் நின்றவர்கள் சத்தம் போட்ட பிறகுதான் நகர்ந்தாள்.

அவரும் உங்கள் அப்பா மாதிரி சண்டைக்கு நடுவில் போகிறவர். வலை அறுந்த தகராறில் காசிமேட்டில் இரண்டு கோஷ்டி மோதிக்கொண்டபோது ஒரு பையனுக்கு மண்டை உடைந்தது. பெரியவர் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. அடித்தவன் கையைப் பிடித்து இழுத்து வந்தார். "தூக்கு. நீதான் தூக்கணும்" என்றார். அவனே தூக்கி மீன்பாடி வண்டியில் போட்டு, அவனே ஸ்டான்லி ஆஸ்பத்திரி வரைக்கும் மிதித்தான். பெரியவர் பின்னால் உட்கார்ந்து, துண்டால் அந்தத் தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டு போனார். அடிபட்ட ஒரு உடம்பு என்ன கனம் கனக்கும் என்று தெரிந்தவர். அதை அவனும் தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்திருக்கிறார்.

உங்கள் அப்பா விஷயத்தில் ஜாக்கிரதையாகத்தான் பேச வேண்டும். யாழ்ப்பாணத்தில் அவர் என்ன செய்தார் என்பது அவருக்குத்தான் தெரியும். 1987 அக்டோபரில் யாழ் ஆஸ்பத்திரிக்குள் டாக்டர்களும் நர்ஸ்களும் நோயாளிகளும் கொல்லப்பட்டது நடந்த உண்மை. அதை நாம் மறக்கவே கூடாது. அந்த மூன்று வருஷத்தில் இந்தியச் சிப்பாய்கள் 1,100 பேருக்கு மேல் செத்ததும் உண்மை. 1990 மார்ச் கடைசியில் அமைதிப்படையின் கப்பல்கள் நம் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. நான் அப்போது கல்லூரி மாணவன். போகாதது சரி என்று கடற்கரை ரயில் நிலையத்து டீக்கடையில் நின்று உரக்கப் பேசினேன். இப்போதும் அந்தக் கோபம் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கப்பலில் தண்டையார்பேட்டைக்கு வரவேண்டிய ஒருவரும் இருந்திருப்பார் என்று அன்று எனக்கு ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்தபோதுதான் தோன்றியது. அதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான்.

வேல் இல்லாத முருகன் உங்களுக்குப் புதிராக இருக்கிறது. எனக்குத் திருத்தணி ஞாபகம் வருகிறது. சூரனோடு போர் முடித்த முருகன் கோபம் தணிந்து நின்ற மலை அது. சஷ்டிக்கு மற்றக் கோயில்களிலெல்லாம் சூரசம்ஹாரம் நடக்கும். திருத்தணியில் அது கிடையாது. அன்றைக்கு அங்கே மூட்டை மூட்டையாகப் பூவைக் கொட்டிப் புஷ்பாஞ்சலி செய்கிறார்கள். ஆடிக் கிருத்திகைக்கு நம் பக்கத்துத் தெருக்களிலிருந்து காவடி எடுத்துக்கொண்டு எத்தனை பேர் போகிறார்கள். சண்டை போட்ட சாமிக்கே கோபம் தணிய ஒரு மலை வேண்டியிருந்தது என்று நம் ஜனங்கள் நினைத்திருக்கிறார்கள். உங்கள் அப்பாவின் முருகன் எந்த மலையில் நிற்கிறார் என்று படங்களை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நான் சொல்வது தப்பாகவும் இருக்கலாம். அவர் வரைவதை வைத்து அவர் மனதுக்குள் இருப்பதை அளந்துவிட முடியாது.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வேல் எங்கே என்று இனிமேல் கேட்காதீர்கள். போரைப் பற்றியும் கேட்க வேண்டாம். அவர் வரையும்போது பக்கத்தில் உட்கார்ந்து பென்சில் சீவிக் கொடுங்கள். மயிலுக்கு எந்த நீலம் என்று கேளுங்கள். பேசுகிற நாள் வந்தால் அவரே பேசுவார். அன்று கேட்கக் கஷ்டமானது எதையாவது அவர் சொன்னால், நடுவில் எழுந்துவிடாமல் இருங்கள்.

பெரியவர் இறந்து சில வருஷம் ஆகிறது. அந்த அணில்வால் பிரஷை அவர் மகள் என்னிடம் கொடுத்தாள், சிகரெட் பெட்டியோடு. நுனி இன்னும் கலையவில்லை. எனக்கு வரையத் தெரியாது. உங்கள் அப்பா கலர் பென்சிலிலிருந்து பெயின்டுக்கு மாறுவாரா என்று தெரியவில்லை, ஆனாலும் அது அவரிடம் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வீட்டில்தான் இருப்பேன். அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்.