ரோமை வீழ்த்தியது இலவசக் கோதுமையா?

கேள்வி: ரோமானியப் பேரரசு வாளால் விழவில்லை, இலவசத்தால் விழுந்தது. குடிமக்களுக்குச் சும்மா கோதுமையைக் கொடுத்து, கிளாடியேட்டர் சண்டையைக் காட்டி, அவர்களைச் சோம்பேறிகளாக்கினார்கள். உழைக்க மறந்த இனம் அழிந்தது. 'ரொட்டியும் கேளிக்கையும்' என்று அவர்களுடைய கவிஞரே எழுதிவைத்திருக்கிறார். நம் ஆட்சியாளர்களுக்கு இது புரியவில்லை. அந்தக் காலத்தில் இதை எதிர்த்துக் குரல் கொடுக்க ரோமில் ஒரு அறிவாளிகூட இல்லையா? (கும்பகோணம் வாசகர் ஒருவர்)

பதில்: உங்கள் கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அந்தக் கவிஞரை விசாரித்துவிடுவோம். ஏனென்றால் நீங்கள் கூட்டிவந்திருக்கும் சாட்சி உங்கள் கட்சிக்காரர் அல்லர்.

ஜுவெனல் கி.பி. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியவர். அவருடைய பத்தாவது அங்கதக் கவிதையில், பேரரசர் திபேரியஸின் வலக்கரமாக இருந்து கி.பி. 31இல் ஒரே நாளில் கவிழ்க்கப்பட்ட செஜானஸின் கதையைச் சொல்லும் இடத்தில்தான் அந்த வரி வருகிறது. நேற்றுவரை கும்பிடப்பட்ட அவனுடைய வெண்கலச் சிலைகள் உலையில் உருகிக் குடங்களாகவும் வாணலிகளாகவும் மூத்திரச் சட்டிகளாகவும் மாறுகின்றன. ஊர்மக்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். அதிர்ஷ்டம் சற்றே மாறி அடித்திருந்தால் இதே கூட்டம் அவனைப் பேரரசன் என்று வாழ்த்தியிருக்கும் என்கிறார் கவிஞர். ஒரு காலத்தில் படைத்தலைமையையும் பதவிகளையும் தன் வாக்கால் வழங்கிக்கொண்டிருந்த மக்கள், வாக்குக்கு வேலையில்லாமல் போனபின், இப்போது இரண்டை மட்டும் எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. அவர் புலம்புவது உழைப்பை இழந்ததைப் பற்றி அல்ல, அரசியலை இழந்ததைப் பற்றி. கி.பி. 14இல் அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மக்கள் மன்றத்திடமிருந்து மேட்டுக்குடியினரின் அவையான செனட்டுக்கு மாற்றப்பட்டது. அதைப் பிடுங்கியவர்கள் மக்கள் அல்லர்.

இனி அந்தக் கோதுமை. கி.மு. 123இல் மக்கள் தீர்ப்பாளராக, அதாவது எளிய மக்களின் சார்பில் தேர்ந்தெடுக்கப்படும் அதிகாரியாக இருந்த கயஸ் கிராக்கஸ் கொண்டுவந்த சட்டம் இலவசச் சட்டமே அல்ல. ஒரு மோடியஸ், அதாவது ஏறத்தாழ 6.7 கிலோ கோதுமை, 6⅓ ஆஸ் (ரோமானியச் செப்புக்காசு) என்ற நிலையான விலைக்கு அரசு விற்கும் என்பதே அது. விளைச்சல் பொய்த்தால் விலை எகிறும், பதுக்கியவன் கொழுப்பான் என்ற நிலைக்கு அது ஒரு கடிவாளம். முழு இலவசமாக்கியவர் பின்னாளில் அதே பதவிக்கு வந்த குளோடியஸ், ஆண்டு கி.மு. 58. அதன்பின் பெறுவோர் எண்ணிக்கை 3,20,000 வரை வீங்கியது. ஜூலியஸ் சீசர் வீடு வீடாகக் கணக்கெடுத்து அதை 1,50,000ஆகக் குறைத்தார். ஒருவர் இறந்தால் அவருடைய இடத்துக்குச் சீட்டுக் குலுக்கி இன்னொருவரைச் சேர்க்கவும் ஏற்பாடு செய்தார். முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் அது 2,00,000க்குச் சற்று மேல் நின்றது. பத்து லட்சம் பேர் வாழ்ந்திருக்கக்கூடிய நகரம் அது. ரோம் நகரில் வசிக்கும் ஆண் குடிமகனுக்கு மட்டுமே பட்டியலில் இடம். பெண்ணுக்கு இல்லை, அடிமைக்கு இல்லை, வெளியூரானுக்கு இல்லை. எந்த நாளில், கோதுமை வழங்கும் மண்டபத்தின் எத்தனையாம் வாயிலில் போய் நிற்க வேண்டும் என்பதுகூட ஒவ்வொருவருக்கும் குறிக்கப்பட்டிருந்தது. நம் ரேஷன் கடைக்காரர்களுக்கு இது புதிதாக இராது.

கிடைத்த அளவு மாதம் ஐந்து மோடியஸ், சுமார் 33 கிலோ. தன் பண்ணையில் உழைக்கும் அடிமைகளுக்கு மாதம் நான்கு முதல் நாலரை மோடியஸ் கோதுமை அளக்கும்படி கறாரான ரோமானிய அரசியல்வாதி மூத்த கேட்டோ எழுதிவைத்திருக்கிறார். ஆகவே இந்த 'இலவசம்' வேலை செய்யும் ஒரு ஆளின் வயிற்றுக்குச் சற்றுக் கூடுதல். மனைவியும் மூன்று பிள்ளைகளும் உள்ள வீட்டுக்குப் பற்றாது. அதுவும் மாவல்ல, கோதுமை. அரைக்க வேண்டும், சுட வேண்டும், விறகு வேண்டும். எண்ணெய்க்கும் துணிக்கும், நாலாம் மாடியில் கூரையோரம் இருக்கும் அறைக்கான வாடகைக்கும் காசு எங்கிருந்து வரும்? வேலை செய்தால்தான் வரும்.

வேலை செய்தார்கள். சந்தேகமிருந்தால் ரோமில் போர்த்தா மஜோரே வாயிலருகே இன்றும் நிற்கும் யூரிசாசெஸ் என்ற ரொட்டிக்காரனின் கல்லறையைப் பாருங்கள். கி.மு. முதல் நூற்றாண்டின் பிற்பகுதியில், அரசுக்கு ஒப்பந்தத்தில் ரொட்டி கொடுத்துச் செல்வந்தனான அவன், தன் தொழிலையே கல்லில் செதுக்கிவைத்துவிட்டுப் போயிருக்கிறான். கழுதை செக்கைப்போல் திரிகையைச் சுற்றுகிறது; ஆட்கள் மாவு சலிக்கிறார்கள்; மேசை நெடுக வரிசையாக நின்று உருண்டை பிடிக்கிறார்கள்; ஒருவன் நீளக் கரண்டியால் அடுப்புக்குள் தள்ளுகிறான்; கடைசியில் கூடைகளில் வைத்துப் பெரிய தராசில் நிறுக்கிறார்கள், அதிகாரிகள் நின்று கணக்குப் பார்க்கிறார்கள். சோம்பேறிகளின் நகரத்தில் இத்தனை கைகள் எங்கிருந்து வந்தன?

இன்னொன்றும் சொல்கிறேன். பெரிய தூண்களைக் குறைந்த செலவில் ஏற்றிச்செல்லும் ஒரு பொறியைப் பேரரசர் வெஸ்பாசியனிடம் ஒருவர் கொண்டுவந்தார். அரசர் பரிசைக் கொடுத்துவிட்டுப் பொறியை வேண்டாம் என்றார். என் எளிய மக்கள் உழைத்துச் சாப்பிட வேண்டுமே என்பது அவர் சொன்ன காரணம். நீங்கள் சொல்கிறபடி அம்மக்கள் அரசாங்கக் கோதுமையில் காலாட்டிக்கொண்டு படுத்திருந்தால், கூலி வேலை பறிபோகுமே என்று ஓர் அரசர் கவலைப்பட வேண்டியதில்லை.

கிளாடியேட்டர் விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். கி.பி. 354ஆம் ஆண்டுக்கான ரோமானிய நாட்காட்டி கிடைத்திருக்கிறது. அதில் அரசு விழா நாட்கள் சுமார் 175. அவற்றுள் பெரும்பகுதி நாடகங்களுக்கு, அடுத்தது தேரோட்டத்துக்கு, கிளாடியேட்டர்களுக்கு வெறும் 10. திரைப்படக்காரர்கள் கணக்கு வேறு.

வீழ்ச்சிக்கு வருவோம். மானியம் தொடங்கியது கி.மு. 123, மேற்கில் கடைசிப் பேரரசர் பதவியிழந்தது கி.பி. 476. இடையே ஏறத்தாழ ஆறு நூற்றாண்டுகள். அந்த மானியம் அமலில் இருந்த காலத்தில்தான் ரோம் 'கால்' எனப்பட்ட இன்றைய பிரான்ஸ் பகுதியையும் எகிப்தையும் பிரிட்டனையும் இன்றைய ருமேனியப் பகுதியான டேசியாவையும் வென்றது; பேரரசு தன் முழு விரிவை எட்டியது. அறுநூறு ஆண்டுகளாகக் கொல்லாத நஞ்சை எப்படி நஞ்சு என்று சொல்வது? காரண காரியம்கூட நேர்மாறாக ஓடுகிறது. கி.பி. 439இல் ஜெர்மானிய இனத்தவரான வாண்டல்கள் வட ஆப்பிரிக்க நகரமான கார்த்தேஜைப் பிடித்தார்கள். ரோமுக்கு வந்துகொண்டிருந்த ஆப்பிரிக்கத் தானியம் பேரரசின் கையை விட்டுப் போனது. நகரத்தின் மக்கள்தொகை அதன்பின் சரிந்துகொண்டே போயிற்று. கோதுமை வந்ததால் நகரம் அழியவில்லை, வராததால் சுருங்கியது. கிழக்கிலோ, கான்ஸ்டாண்டிநோபிளில் கி.பி. 332இல் 80,000 பங்கு ரொட்டியோடு இதே ஏற்பாடு தொடங்கி, பாரசீகப் படைகள் எகிப்தைப் பறித்துக்கொண்டிருந்த 618இல் பேரரசர் ஹெராக்ளியஸ் நிறுத்தும்வரை நடந்தது. இலவச ரொட்டி தின்ற அந்நகரம் 1453 வரை பேரரசின் தலைநகராக இருந்தது, இடையில் சிலுவைப் போர்க்காரர்கள் பிடித்துவைத்திருந்த 57 ஆண்டுகளைக் கழித்துவிட்டால்.

கருவூலத்தைக் காலி செய்த இலவசம் ஒன்று உண்டு. அதன்மேல் நீங்கள் கோபப்பட்டிருந்தால் நானும் கூடச் சேர்ந்திருப்பேன். கி.பி. 193இல் பேரரசர் பெர்டினாக்ஸைக் கொன்ற மெய்க்காவல் படையினர், தங்கள் முகாம் மதிலடியிலேயே அரியணையை ஏலம் விட்டார்கள். உள்ளே இருந்து ஒருவர் கேட்க, வெளியே இருந்து திதியஸ் ஜூலியானஸ் உயர்த்திக் கேட்க, படையினருக்கு ஆள் ஒன்றுக்கு 25,000 செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) என்று ஏலம் முடிந்தது. அன்று எல்லையில் நின்ற சாதாரணப் படைவீரனின் ஆண்டுச் சம்பளம் 1,200 செஸ்டர்ஸ். ஆகவே இது இருபது ஆண்டுச் சம்பளத்துக்கும் மேல். அதே ஆண்டில் ஆட்சியைப் பிடித்த செப்டிமியஸ் செவெரஸ் சாகும்போது மகன்களுக்குச் சொன்னது: ஒற்றுமையாக இருங்கள், படைவீரர்களைச் செல்வராக்குங்கள், மற்றவர்களைப் பொருட்படுத்தாதீர்கள். முதல் புத்திமதியை மகன்கள் காற்றில் விட்டார்கள். மூத்தவன் காரகல்லா தம்பியைக் கொன்றான். இரண்டாவதை மட்டும் அவனும் பின்வந்தவர்களும் விடாமல் பின்பற்றினார்கள். 235 முதல் 284 வரை ஐம்பதாண்டுகளில் இருபதுக்கும் மேற்பட்ட பேரரசர்கள் படைகளால் ஏற்றப்பட்டு, பெரும்பாலோர் படைகளாலேயே இறக்கப்பட்டார்கள். அந்தச் செலவுக்காக நாணயத்தில் வெள்ளியைக் குறைத்துக்கொண்டே போய், 270ஐ ஒட்டி வெள்ளிக்காசு என்பது வெள்ளிப் பூச்சுள்ள செம்பாக நின்றது. மூட்டை தூக்குகிறவனுக்கு அளந்த ஐந்து மோடியஸ் கோதுமையால் வந்த சரிவு அல்ல இது.

மானியத்தின்மேல் குறையே இல்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குறை உண்டு, ஆனால் அது வாங்கியவன் பக்கத்தில் இல்லை, கொடுத்தவன் பக்கத்தில் இருக்கிறது. ரோமுக்கு ஆண்டில் எட்டு மாதம் ஆப்பிரிக்காவும் நான்கு மாதம் எகிப்தும் சோறு போட்டதாக முதல் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் ஜோசஃபஸ் எழுதுகிறார். அதில் பெரும்பங்கு விலைக்கு வாங்கியது அல்ல. வென்ற நாடுகளில் வரியாகவும் குத்தகையாகவும் களத்துமேட்டிலேயே அளந்து எடுத்தது. நைல் கரைக் குடியானவன் அளந்த கோதுமை ஆற்றுவழியாக அலெக்சாண்டிரியா வந்து, கப்பலேறி, இத்தாலிக் கரையை அடைந்தது. ரோமுக்கு அது வராவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கி.பி. 51இல் பேரரசர் கிளாடியஸ் பார்த்தார்: கையிருப்பு பதினைந்து நாளுக்கே இருந்தபோது, கூட்டம் அவரைப் பொதுமன்றத்தில் சூழ்ந்துகொண்டு காய்ந்த ரொட்டித் துண்டுகளால் அடித்தது. மறுமுனையில் குடியானவனுக்கு என்ன ஆகும் என்பதைக் கண்டவர் பெர்கமம் ஊரில் பிறந்த மருத்துவர் காலென். அவர் காட்டுவது ரோமுக்குப் போன வரியை அல்ல, பேரரசின் பல பகுதிகளில் நகரத்தார் நடந்துகொண்ட விதத்தை. அறுவடை முடிந்ததும் அவர்கள் ஓர் ஆண்டுக்கான கோதுமையையும் அதோடு வாற்கோதுமை, மொச்சை, பருப்பையும் வாரிக்கொண்டு போனார்கள். மிச்சத்தைக் குளிர்காலத்துக்குள் தின்று முடித்த கிராமத்தார் வசந்தத்தில் மரக்கிளைகளையும் கொழுந்துகளையும் கிழங்குகளையும் கண்ட காட்டுச் செடிகளையும் வேகவைத்துத் தின்று தோலெல்லாம் புண்ணானார்கள். 'உழைக்க மறந்த இனம்' என்று நீங்கள் எழுதும்போது இந்த உழைப்பாளிகள் உங்கள் கணக்கில் எங்கும் வரவில்லை.

இனி, எதிர்த்த அறிவாளி ஒருவராவது உண்டா என்ற கேள்வி. உண்டு. அகஸ்டஸே ஒருமுறை மானியத்தை அடியோடு நிறுத்த எண்ணினார். அதை நம்பி இத்தாலியில் பயிர்த்தொழில் கைவிடப்படுகிறது என்பது அவர் கருத்து. உங்களுக்கு ஆதரவாக நான் காட்டக்கூடிய மிகப் பெரிய ஆள் அவர்தான். ஆனால் தான் நிறுத்தினாலும் நாளை மக்களிடம் பேர் வாங்க விரும்பும் இன்னொருவன் திரும்பக் கொண்டுவருவான் என்று கணக்குப் போட்டு, விட்டுவிட்டார்.

அவருக்கும் முன்னால், கிராக்கஸின் சட்டத்தை மூர்க்கமாக எதிர்த்தவர் கல்புர்னியஸ் பைசோ. ரோமின் மிக உயர்ந்த பதவியான கான்சல் பதவியை வகித்தவர், சிக்கனத்துக்காகவே பட்டப்பெயர் பெற்றவர். சட்டம் நிறைவேறியபின் கோதுமை வாங்க நின்ற கூட்டத்தில் அவரும் நிற்பதைக் கிராக்கஸ் பார்த்துவிட்டார். எதிர்த்துப் பேசிவிட்டு இங்கே நிற்கிறீர்களே என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டார். பைசோ அசரவில்லை. "என் சொத்தை ஊராருக்குப் பங்கு போட்டுக் கொடுப்பதில் எனக்கு விருப்பமில்லை, கிராக்கஸ், ஆனால் நீ கொடுப்பதென்று முடிவு செய்துவிட்டால், என் பங்கை நான் கேட்டு வாங்கிக்கொள்வேன்" என்றார்.