தகட்டில் 4 பேர் என்றால் 4 பேர்தான்

கேள்வி: 14 அடி நீளம், 5 அடி அகலத்தில் ஒரு பழைய ஃபைபர் படகு விலைக்கு வருகிறது. எவ்வளவு தாங்கும் என்று தயாரிப்பாளர் அதில் பொருத்திய தகட்டில் 4 பேர், 25 ஹெச்.பி. என்று இருக்கிறது. நாங்கள் குழந்தையோடு 5 பேர். 40 ஹெச்.பி. மோட்டாரோடு தருகிறேன், படகு தாராளமாகத் தாங்கும் என்கிறார் தரகர். வாங்கலாமா?

பதில்: படகை வாங்கலாம். அந்த மோட்டார் வேண்டவே வேண்டாம்.

தகட்டில் எல்லோரும் ஆள் கணக்கை மட்டும்தான் பார்க்கிறார்கள். அதன் கீழேயே ஆட்கள், மோட்டார், சாமான் எல்லாம் சேர்த்த மொத்த எடை இருக்கும். 40 ஹெச்.பி. ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டார் கிட்டத்தட்ட 100 கிலோ வரும். பழைய 25 ஹெச்.பி. டூ ஸ்ட்ரோக் அதில் பாதிதான். மோட்டாரை மாற்றினாலே ஓர் ஆளைக் கூடுதலாக ஏற்றிய மாதிரி. அதுவும் படகின் கடைசி முனையில். பின்பக்கம் தாழ்ந்துபோன படகில் வேகத்தைச் சட்டென்று குறைத்தால், படகு கிளப்பிய அலையே பின்னாலிருந்து உள்ளே ஏறிவிடும். வேகமாகத் திரும்பும்போது கவிழும் ஆபத்து தனி.

குழந்தையும் ஓர் ஆள்தான். இருக்கைகளை எண்ணிக் காட்டினால் நம்பாதீர்கள். இருக்கைக்கும் தாங்கும் எடைக்கும் சம்பந்தமே இல்லை.

தரகர்களிடம் எனக்குப் பொறுக்காத விஷயம், தகட்டையே கழற்றிவிடுவது. "பெயிண்ட் அடிக்கும்போது எடுத்தோம்" என்பார்கள். திருகு இருந்த ஓட்டைகளைத் தேடிப் பாருங்கள். பின்பலகையின் வெளிப்புறம், வலது மேல் மூலையில் பொறித்திருக்கும் படகின் அடையாள எண்ணை எழுதி, தயாரித்தவரிடமே கேளுங்கள். இன்னொன்று, சில மாடல்களில் ஒரே மோட்டார் இரண்டு மூன்று ஹெச்.பி. அளவுகளில் வரும். மோட்டார் மூடியில் ஒட்டிய எண்ணை நம்பாமல் மாடல் எண்ணைப் பாருங்கள்.

தகடே இல்லாத படகுக்கு ஒரு கணக்கு உண்டு. நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்கி 15-ஆல் வகுக்க வேண்டும். உங்கள் படகுக்கு 70-ஐ 15-ஆல் வகுத்தால் 4.67 வரும். அதை 5 ஆக்கக் கூடாது, 4 தான். ஆனால் இது தகடு இல்லாதபோது மட்டும். அமைதியான தண்ணீரில் மட்டும். அதிலும் ஓர் ஆள் 68 கிலோ என்று வைத்துப் போட்ட கணக்கு இது. உங்கள் வீட்டில் பெரியவர்கள் 80 கிலோ இருந்தால் 4 பேரும் அதிகம். தகடு இருக்கும்போது இதைப் போட்டுக் காட்டி இன்னொருவரை ஏற்றச் சொன்னால் கேட்காதீர்கள்.

சட்டம் காப்பாற்றும் என்றும் இருந்துவிட முடியாது. அமெரிக்காவில் 1972 நவம்பரிலிருந்து தகடு கட்டாயம்; அதுவும் 20 அடிக்குக் குறைந்த மோட்டார் படகுகளுக்குத்தான். அந்த விதி கட்டுப்படுத்துவது தயாரிப்பாளரை. மீறி ஓட்டுபவருக்குத் தண்டனை உண்டா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. ஆள் மூழ்குவது எல்லா இடத்திலும் ஒன்றுதானே? இத்தனை வருஷமாகியும் இதைச் சரிசெய்யாமல் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது: மோட்டார் இல்லாமல் படகுக்கு மட்டும் விலை கேளுங்கள். இரண்டையும் சேர்த்துத்தான் தருவேன் என்றால் வேறு படகு பாருங்கள். இதையே வாங்கினால், 5 பேரும் ஒரே தடவையில் ஏறாமல் இரண்டு நடையாகப் போய் வாருங்கள்.