பழைய கேம், போன் திரை: கேட்டதும் சொன்னதும்

பழைய கேம் கருவிகளோட கேமைப் போன்ல ஓட்டுற ஆப்தான் எமுலேட்டர். அதுல படம் இழுபடுது, மங்குது, நெளியுதுன்னு நம்ம குமரி மாவட்டத்து ஆட்கள் கேட்டதுக்கெல்லாம் இங்கே பதில் சொல்றேன்.

மார்த்தாண்டம்: அண்ணே, ரெட்ரோஆர்ச் எமுலேட்டர்ல மரியோ குண்டா தெரியுறான். திரை முழுக்க வர்ற மாதிரி வச்சிருக்கேன்.

திரையை நிரப்பினதுதான் காரணம் மக்கா. அது 4:3 டிவிக்கு வரைஞ்ச கேம். உங்க போன் 20:9. செட்டிங்ஸ், வீடியோ, ஸ்கேலிங் போய் ஆஸ்பெக்ட் ரேஷியோவை, அதாவது அகல உயர விகிதத்தை, 4:3 ஆக்குங்க. ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். வரட்டும், பட்டன்களை அங்கே நகர்த்தி வச்சா விரல் படத்தை மறைக்காது.

தக்கலை: கேம் பாய் அட்வான்ஸ் (நின்டெண்டோவோட கையடக்கக் கருவி) கேம்ல ஆள் ஓடும்போது தரை நெளியுது. எழுத்துல ஒரு கோடு தடிப்பு, ஒரு கோடு மெலிவு. போன் திரை 1080 பிக்சல்.

இதைக் கொஞ்சம் விரிவா சொல்லணும். அந்தக் கருவியோட திரை 240×160 பிக்சல். போனைப் படுக்க வச்சா உயரம் 1080. 1080-ஐ 160-ஆல வகுத்தா 6.75 வருது. முக்கால் பிக்சல்னு ஒண்ணை திரையில காட்ட முடியாது. அதனால சில வரி 6 புள்ளி உயரத்துலயும் சில வரி 7 புள்ளி உயரத்துலயும் விழுது. படம் நகரும்போது இந்த வித்தியாசமும் சேர்ந்து நகரும், அதைத்தான் நெளியுதுன்னு சொல்றீங்க. பக்கத்துப் பிக்சல்களோட நிறத்தைக் கலக்குற பைலீனியர் ஃபில்டர் போட்டா நெளிவு அடங்கும், ஆனா படம் மங்கிரும். எனக்கு அது பிடிக்காது.

அதே ஸ்கேலிங் பக்கத்துல இன்டிஜர் ஸ்கேலை ஆன் பண்ணுங்க, படம் முழு மடங்குல மட்டும் பெருசாகும். சரியா 6 மடங்கு, 960 வரி. மேலயும் கீழயும் 60 வரி சும்மா கிடக்கும். படம் கொஞ்சம் சின்னதாகும், ஆனா ஒவ்வொரு பிக்சலும் ஒரே அளவுல நிக்கும். ஒரு மணி நேரம் அப்படி ஆடிட்டு பழையபடி மாத்திப் பாருங்க, வித்தியாசம் தெரியும்.

கருங்கல்: என்னது விலை குறைஞ்ச 720×1600 போன். இதுல நல்லா வருமா அண்ணே?

இந்த வேலைக்கு உங்க போன்தான் ரொம்பப் பொருத்தம்! பழைய கேம் பாய் 144 வரி, 5 மடங்குக்குச் சரியா 720. நாம காசெட் போட்டு ஆடின 8 பிட் டிவி கேம் 240 வரி, 3 மடங்குக்கு 720. அட்வான்ஸை நிமிர்த்திப் பிடிச்சு ஆடினா 240 அகலம், மூணு மடங்கு, அதுவும் 720. ஒரு புள்ளி வீணாகாது. இதுக்காக விலை கூடின போன் வாங்க வேண்டாம்.

நாகர்கோவில்: சூப்பர் நின்டெண்டோவுல இன்டிஜர் போட்டா வட்டம் ஒடுங்கி முட்டை மாதிரி ஆவுது.

அது 256×224. அந்தப் பிக்சலை டிவி சதுரமா காட்டல, 8:7 கணக்குல கொஞ்சம் அகலமா காட்டிச்சு. போன் சதுரமா காட்டினா படம் ஒடுங்கத்தான் செய்யும். உயரத்தை மட்டும் முழு மடங்குல வைங்க, அகலம் 4:3-க்கு விரியட்டும். அதுல வர்ற பிசிறை ஷார்ப் பைலீனியர் ஷேடர் (படத்தோட தோற்றத்தை மாத்துற சின்ன நிரல்) அடக்கும். கூர்மையா, உருவமான்னு கேட்டா நான் உருவத்தைத்தான் காப்பாத்துவேன். வரைஞ்சவங்க கண்ணுல இருந்தது அந்த உருவம்தான்.

குளச்சல்: பழைய டிவி மாதிரி கோடு போடுற ஸ்கேன்லைன் ஷேடர் வீட்டுல கொள்ளாம். கடற்கரையில ஒண்ணும் தெரியல.

வரிகளுக்கு நடுவுல கறுப்பு போடுறதால வெளிச்சம் குறையுது. வெயில்ல அதை ஆஃப் பண்ணிருங்க.

திங்கள்சந்தை: பிஎஸ்பி (சோனியோட கையடக்கக் கருவி) கேமுக்கும் இதே கணக்கா?

இல்லை. பிஎஸ்பி 480×272. 4 மடங்கு 1088, 1080 போனுக்கு 8 வரி கூடுதல். ஆனா பிஎஸ்பில முப்பரிமாண கேம்தான் அதிகம், அதுல இந்த நெளிவு பெருசா தெரியாது. பிஎஸ்பி எமுலேட்டரான பிபிஎஸ்எஸ்பிபில ரெண்டரிங் ரெசல்யூஷன்தான் (படத்தை எத்தனை பிக்சல்ல வரையுதுங்கிறது) பார்க்க வேண்டியது. 2 மடங்கு வச்சா 960×544, சின்னத் திரைக்கு அது தாராளம். போன் சுட்டா 1-க்கு இறக்குங்க. கைக்கு அடக்கமா, வேகம் குறையாம ஓடுறதுதான் முக்கியம்.

இரணியல்: படம் நடுவுல நிக்காம ஒரு பக்கமா ஒதுங்குது.

திரையில கேமராவுக்கு வெட்டின இடம், அதாவது நாட்ச், அதுக்கு இடம் விடுது. ரெட்ரோஆர்ச் வீடியோ செட்டிங்ஸ்ல நாட்ச் மேலயும் முழுத்திரை காட்டுற ஆப்ஷன் இருக்கு, அதை ஆன் பண்ணுங்க.