முதல் சம்மர்ல எல்லா திருவிழாவுக்கும் ஓடாதீங்க தம்பி

தம்பி, உங்க கேள்விய நேத்து ராத்திரி படிச்சதுலேர்ந்து மனசு என்னமோ பண்ணுது. ஏப்ரல்ல டொராண்டோ வந்தேன், வேலை டவுன்டவுன்ல, ரூம் ஸ்கார்பரோல, ஆபிஸ்ல எல்லாரும் சம்மர் வரட்டும் சம்மர் வரட்டும்னு சொல்றாங்க, ஜூன்லேர்ந்து வாராவாரம் ஏதாவது திருவிழா இருக்காமே, எதுக்கெல்லாம் போகலாம், ஃப்ரெண்ட்ஸ் எப்படி கிடைப்பாங்க, சர்ச்சுக்கு தமிழ் ஆராதனையா இங்கிலீஷ் ஆராதனையா, கார் இப்பவே வாங்கணுமான்னு கேட்டிருக்கீங்க. 2011 மே மாசம் பாளையங்கோட்டையிலேர்ந்து ரெண்டு பெட்டியோட நான் இதே ஸ்கார்பரோல வந்து இறங்குனப்ப எனக்கு 26 வயசு, இதே கேள்வியெல்லாம் என் மண்டைக்குள்ளயும் ஓடிச்சு, கேக்கத்தான் ஆள் இல்ல.

கார் இப்ப வேண்டாம். பிரெஸ்டோ கார்டு ஒரு தடவை தட்டினா டிடிசில, அதான் டொராண்டோ ஊர் பஸ் ரயில்ல, ரெண்டு மணி நேரம் எத்தனை பஸ் ரயில் வேணாலும் மாறிக்கலாம், டவுன்டவுன்ல பார்க்கிங்குக்கு அழுற காசுக்கு அது எவ்வளவோ மேல். அத அதோட விட்டுருவோம்.

திருவிழாவுக்கு இங்க பஞ்சமே இல்ல, அது உண்மைதான். மே கடைசில டோர்ஸ் ஓபன், ஊர்ல உள்ள பழைய கட்டடம் எல்லாத்தையும் திறந்து விடுவாங்க, உள்ள போக காசு கிடையாது, 2000லேர்ந்து நடக்குது, அதுக்கு மட்டும் கண்டிப்பா போங்க. ஜூன்ல ஜாஸ், ஜூலை 1 கனடா டே, ஆகஸ்ட் லாங் வீக்கெண்டுல கரீபியன் சனத்தோட ஊர்வலத் திருவிழா கரிபானா, அப்புறம் டான்ஃபோர்த்ல கிரேக்கக்காரங்க சாப்பாட்டுத் திருவிழா, மார்க்கம் ரோட்டுல நம்ம தமிழர் தெருவிழா, கடைசியா லேபர் டே வரைக்கும் எக்ஸிபிஷன் பிளேஸ்ல சிஎன்இ, அது 1879லேர்ந்து நடக்குற பொருட்காட்சி. நடுவுல ஒண்ணு சொல்லிடுறேன், ஆகஸ்ட் முதல் திங்கள் ஒன்டாரியோல சட்டப்படி விடுமுறை கிடையாது, நிறைய ஆபிஸ் லீவு விடும், எல்லா ஆபிஸும் விடாது, உங்க எச்ஆர்கிட்ட கேட்டுட்டு டிக்கெட் போடுங்க. என்கூட வேலை பார்த்த பொண்ணு ஒருத்தி லீவுதானேன்னு மான்ட்ரியல் போயிட்டு வந்து திட்டு வாங்கினா. அப்புறம் நீச்சல் தெரியும்ங்கிற தைரியத்துல ஏரியில குதிச்சிடாதீங்க, தாமிரபரணி மாதிரி இல்ல, ஜூன்லகூட தண்ணி ஐஸா இருக்கும், கை கால் மரத்துப் போயிரும்.

இப்ப நான் சொல்ல நினைச்சதுக்கு வர்றேன். என் முதல் சம்மர்ல நான் ஒரு வாரம் விடல தம்பி. வீட்டுக்கு போட்டோ அனுப்பணும், பிள்ளை சந்தோஷமா இருக்குன்னு அம்மா நினைக்கணும், அதுக்காகவே போனேன். பாட்டு வாசிக்கிற இடத்துல நின்னேன், வாணவேடிக்கை பாத்தேன், வரிசைல நின்னு எதையாவது வாங்கித் தின்னேன், சனிக்கிழமை ராத்திரி 11 மணிக்கு கென்னடி ஸ்டேஷன்ல இறங்கி பஸ்ஸுக்கு நிக்கும்போது யோசிச்சு பாத்தா காலைலேர்ந்து நான் வாயத் திறந்து பேசுனது கடைக்காரர்கிட்ட மட்டும்தான். கரிபானா அன்னிக்கு லேக் ஷோர் ரோட்டுல எம்புட்டு சனம், இறக்கை வச்ச உடுப்பு, ஸ்டீல் பேன்ங்கிற இரும்பு மேளச் சத்தம் நெஞ்சுக்குள்ள வந்து இடிக்குது, பக்கத்துல நிக்கிறவங்க எல்லாம் யார் கூடவோ வந்திருக்காங்க. நான் வேலிக் கம்பியப் பிடிச்சிக்கிட்டு நின்னேன். அப்ப வந்த அழுகை இன்னும் ஞாபகம் இருக்கு. சாயங்காலம் அம்மாட்ட போன்ல சூப்பரா இருந்துச்சுன்னு சொன்னேன்.

அந்த மாதிரி தனியா நிக்கிற ஆள மோப்பம் பிடிக்கிறதுக்குன்னே ஒரு கூட்டம் இருக்கு. இத நீங்க நல்லா மனசுல வாங்கிக்கணும், மத்ததெல்லாம் மறந்தாலும் பரவாயில்ல. அதே ஆகஸ்ட்ல ஒரு மால்ல என் கழுத்துச் செயினப் பாத்துட்டு ஒரு புருஷன் பொண்டாட்டி வந்து நீங்க தமிழான்னு கேட்டாங்க. அவ்வளவு அன்பு. எந்த ஊரு, எந்த சபை, தனியாவா இருக்கீங்க, ஐயோ பாவம், ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்கன்னாங்க. போனேன், மீன் குழம்பு வச்சுப் போட்டாங்க, நாலு மாசம் கழிச்சு நம்ம ருசி, கண்ணு கலங்கிருச்சு. மூணாவது வாரம் ஒரு ஹோட்டல் ஹாலுக்கு கூட்டிட்டு போனாங்க, கோட்டு சூட்டு போட்டவரு மேடையில நின்னு பிசினஸ், பேசிவ் இன்கம், முப்பத்தஞ்சு வயசுல ரிட்டயர்மென்ட்னு பேசுறாரு. சேர்றதுக்கு 400 டாலர், அப்புறம் எனக்குத் தெரிஞ்ச பத்து பேர் பேர எழுதிக் கொடுக்கணும். எனக்குப் பத்து பேரே தெரியாது! 400ஐயும் கட்டினேன், ஏன்னா அந்த அக்காவ இழக்க மனசு வரல. பேர் எழுதிக் கொடுக்க ஆள் இல்லன்னு தெரிஞ்ச பிறகு அவங்க போன் எடுக்கவே இல்ல. போனது பணம் மட்டும் இல்ல தம்பி, அதுக்கப்புறம் ஒரு வருஷம் யார் தமிழ்ல சிரிச்சாலும் நான் ஒதுங்கிப் போனேன், அதுதான் பெரிய நஷ்டம்.

ஆள் சேத்தா காசுன்னு ஆசை காட்டி, அதுக்கு முன்பணமும் வாங்குறது கனடா போட்டிச் சட்டத்துல பிரமிட் விற்பனை, குற்றம். யாராவது மூணாவது சந்திப்புக்குள்ள உங்க சம்பளத்தையோ சேமிப்பையோ கேட்டா, உங்க போன்ல இருக்கிற நம்பர் வேணும்னா, எழுந்து வந்துருங்க, மரியாதை கெட்டுப் போகுமேன்னு உக்காராதீங்க. கோயில் வாசல்லயும் இருப்பாங்க, சர்ச் வாசல்லயும் இருப்பாங்க, தமிழ் தெருவிழாவுலயும் இருப்பாங்க. சொந்த பாஷை பேசுறவங்க ஏமாத்த மாட்டாங்கன்னு நாம நம்புறதுதான் அவங்களுக்கு மூலதனம். எனக்கு 14 வருஷமாகியும் இதுல கோபம் ஆறல.

அந்த நவம்பர் எப்படி இருந்துச்சுன்னு எழுத வேண்டாம்னு நினைக்கிறேன். கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளி வச்ச அடுத்த நாள் அஞ்சு மணிக்கே இருட்டு, சம்மர்ல கைகுலுக்கினவங்க யாருமே இல்ல.

அடுத்த ஜூன்லதான் மாறிச்சு. ரூமுக்குப் பக்கத்துல ஒரு சின்ன ஆங்கிலிக்கன் சர்ச், நான் கடைசி பெஞ்சுல உக்காந்து ஆசீர்வாதம் சொன்ன உடனே எழுந்து ஓடிட்டு இருந்தவ. ஒரு ஞாயிறு வாசல்ல ஒரு பெரியம்மா என்னை நிறுத்தி, சனிக்கிழமை ஸ்ட்ராபெர்ரி சோஷியல் இருக்கு, காம்பு கிள்ள ஆள் பத்தல, வர்றியான்னு கேட்டாங்க. ஒன்டாரியோல ஜூன்லதான் ஸ்ட்ராபெர்ரி பழுக்கும், நிறைய சர்ச்சுல அத வச்சு ஒரு சின்ன விருந்து போடுவாங்க. கூடை கூடையா பழம், ஒரு நீள மேசை, ஏழெட்டு பேர், ரெண்டு மணி நேரம். கை வேலையா இருக்கும்போது பேச்சு தானா வருது தம்பி, எந்த ஊர், என்ன வேலைன்னு யாரும் நேர்காணல் நடத்தல, காம்ப இப்படி கிள்ளுன்னு காட்டிக் கொடுத்தாங்க, பழம் அழுகியிருந்தா தூரப் போடுன்னாங்க, அப்படியே ஒருத்தி மருமக கதை, ஒருத்தர் முழங்கால் ஆபரேஷன் கதை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தப்ப விரல் எல்லாம் சிவப்பு, என் பேர் ஏழு பேருக்குத் தெரியும்.

அதனால எந்த திருவிழாவுக்குப் போறதுன்னு கேக்காதீங்க, எதுல வேலை செய்யலாம்னு கேளுங்க. பெரிய திருவிழா எல்லாத்துக்கும் வாலண்டியர் வேணும், மார்ச் ஏப்ரல்லயே பதிவு ஆரம்பிச்சிடுவாங்க, இன்னும் சிலதுக்கு இடம் இருக்கும். நாற்காலி தூக்குங்க, வழி சொல்ற டீ ஷர்ட் போட்டு நில்லுங்க. சம்மர் முழுக்க ரெண்டு இடம் போதும், ஆனா அந்த ரெண்டுலயும் திரும்பத் திரும்ப அதே ஆளுங்கள பாக்கணும்.

சர்ச் விஷயம். நீங்க சிஎஸ்ஐ, அதான் தென்னிந்தியத் திருச்சபைன்னு எழுதியிருக்கீங்க, அப்ப ஆங்கிலிக்கன் சபையில உங்களுக்கு நற்கருணை எடுக்கத் தடையே இல்ல, 1947ல நம்ம சபை உருவானப்ப சேர்ந்தவங்கள்ல அவங்களும் உண்டு. இங்க யுனைட்டட் சர்ச்சும் 1925ல மெதடிஸ்ட்டும் பிரஸ்பிட்டேரியன்ல பெரும்பகுதியும் சேர்ந்து வந்ததுதான், அங்கயும் நமக்கு அந்நியமா இருக்காது. தமிழ் ஆராதனை கட்டாயம் வேணும், தமிழ்ல ஜெபிச்சாத்தான் எனக்கு உள்ள இறங்குது, ஆனா ஞாயிறு முழுசையும் ஒரே கூட்டத்துக்கு எழுதிக் கொடுத்துராதீங்க. காலைல ஆராதனை, மத்தியானம் ஒரு வீட்டுல சாப்பாடு, சாயங்காலம் கூடுகை, ராத்திரி பாட்டு பிராக்டிஸ்னு வச்சு ஒரு வருஷத்துல ஆள சக்கையாக்கிடுற இடமும் பாத்திருக்கேன். துணி துவைக்கவே நேரம் இல்லாம திங்கக்கிழமை ஆபிஸுக்குத் தூங்கி வழிஞ்சு போற பிள்ளைங்க எத்தனை பேர்.

நம்ம ஆளுங்கள்ல ரெண்டு விதம் எனக்குப் பிடிக்கறதில்ல, சொல்லிடுறேன். பத்து வருஷமா அதே பேஸ்மென்ட்ல அதே அஞ்சு குடும்பம், அதே வீட்டு விலைப் பேச்சு, வெளிய ஒருத்தர் பேர் தெரியாது. இன்னொண்ணு தமிழ் பேசுற குரல் கேட்டாலே ரயில்ல பெட்டி மாறி உக்கார்றவங்க. நானும் ஒரு வருஷம் அப்படி இருந்தவதான், ஆனா எனக்கு ஒரு காரணம் இருந்துச்சு. யாழ்ப்பாணத்து ஆளுங்கள ஏதோ சொல்லி ஒதுக்குற நம்ம ஊர்க்காரங்களையும் பாப்பீங்க, அவங்க பேச்சக் கேக்காதீங்க. 1986ல நியூஃபவுண்ட்லாந்து கடல்ல ரெண்டு உயிர்காக்கும் படகுல தத்தளிச்ச 155 இலங்கைத் தமிழ் அகதிங்க மீனவங்க கையால கரை சேர்ந்தாங்களே, அந்தத் தலைமுறை போட்ட பாதைலதான் இன்னிக்கு நாம ஸ்கார்பரோல முருங்கைக்காய் வாங்குறோம். என் ரூம்மேட் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கப் பொண்ணு, மிட்லேண்ட்ல இருக்கிற மறைசாட்சிகள் கோயிலுக்கு வருஷா வருஷம் பஸ் பிடிச்சுப் போவா, ஒரு தடவை கூடப் போனேன், புல்வெளி பூரா நம்ம சனம் பாய விரிச்சு சோறு பிசையுது, தூத்துக்குடி பனிமய மாதா திருவிழாவுக்குப் போன மாதிரியே இருந்துச்சு எனக்கு.

ஸ்ட்ராபெர்ரி மேசையில எனக்கு எதிர உக்காந்தவங்க ட்ரினிடாட் அம்மா ஒருத்தங்க. கரிபானா 1967ல கனடாவோட நூறாவது வருஷத்துக்கு கரீபியன் சனம் கொடுத்த பரிசா ஆரம்பிச்சதுன்னு அவங்க சொல்லித்தான் தெரியும், நான் வேலிக்கு வெளிய நின்னு அழுத கதையச் சொன்னேன், அப்ப உள்ள வான்னு சொல்லிட்டாங்க. மாஸ் கேம்ப்னு சொல்லுவாங்க, ஊர்வலத்துக்கு உடுப்பு தைக்கிற இடம், எட்டோபிகோ பக்கம் ஒரு குடோன். வேலை முடிஞ்சு போய் இறகு ஒட்டுவேன், பாசி ஒட்டுவேன், அடுத்த வருஷமும் போனேன்.

2013 ஜூலை 8, திங்கக்கிழமை, அன்னிக்கு பெஞ்ச மழைய இங்க இருக்கிறவங்க யாரும் மறக்க மாட்டாங்க, ஏர்போர்ட்ல மட்டும் 126 மில்லிமீட்டர், ரோடெல்லாம் ஆறு, சப்வே பாதி ஓடல, கரண்ட் போயிருச்சு. நாங்க ஆறு பேர் குடோனுக்குள்ள மாட்டிக்கிட்டோம். ஊர்வலத்துக்கு நாலு வாரம்கூட இல்ல, அந்த அம்மா டார்ச்ச ஒரு பெயிண்ட் டப்பா மேல நிறுத்தி வச்சிட்டு உக்காருங்க ஒட்டலாம்னாங்க. ஒட்டினோம். ராத்திரி பத்து மணி வாக்குல அவங்க ஒரு பழைய ஞானப்பாட்டு மெதுவா ஆரம்பிச்சாங்க, அதே ராகம், பாளையங்கோட்டைல நாங்க தமிழ்ல பாடுறது. எனக்கு இங்கிலீஷ் வரி தெரியல, தமிழ்லயே பாடினேன், அவங்க நிறுத்தல. விடியக்காலை வண்டி ஓடின பிறகு நேரா ஆபிஸ் போனேன், விரல் இடுக்குல பச்சை இறகும் பசையும் அப்படியே இருந்துச்சு.