முடக்கியது யார்? – வாசகர் கடிதம்

அன்புள்ள ஐயா,

விருதுநகர் பக்கம் சிறிய வீடியோ சேனல் ஒன்று நடத்துகிறேன். ஊராட்சிக் கணக்கு, கல்குவாரி, கண்மாய் ஆக்கிரமிப்பு என்று உள்ளூர் விஷயங்கள்தான் பேசுவோம். குவாரி உரிமம் ஒன்றைப் பற்றிய 14 நிமிட வீடியோ சென்ற மாதம் திடீரென்று காணாமல் போனது. "அரசுத் தரப்பிலிருந்து வந்த சட்டக் கோரிக்கையை முன்னிட்டு இந்தியாவில் இது காட்டப்படாது" என்று இரண்டு வரி மின்னஞ்சல் வந்தது. எந்த அலுவலகம், எந்தச் சட்டம், வீடியோவில் எது தவறு என்று ஒன்றுமே இல்லை. "66ஏ-யைத்தான் சுப்ரீம் கோர்ட் தூக்கிவிட்டதே, இனி யாரும் ஒன்றும் செய்ய முடியாது" என்கிறார் ஒரு நண்பர். "கேஸ் வரும், எல்லாவற்றையும் அழித்துவிடு" என்கிறார் இன்னொருவர். நான் என்ன செய்ய வேண்டும்? வீடியோவை எங்கள் வாட்ஸப் குழுவில் பகிர்ந்தவர்களுக்கும் சிக்கல் வருமா?

பெயர் வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

எதையும் அழிக்காதீர்கள். வீடியோவின் மூலக்கோப்பு, அதற்கு ஆதாரமாக வைத்திருந்த ஆவணங்கள், அந்த இரண்டு வரி மின்னஞ்சல் எல்லாம் அப்படியே இருக்கட்டும். குற்றம் செய்ததாக யாரும் சொல்லாதபோது நீங்களாகத் தடயத்தை அழித்தால், பிறகு அதற்கு விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பிரிவு 66ஏ பற்றி உங்கள் முதல் நண்பர் சொல்வது பாதி சரி. 2009 அக்டோபரில் அமலுக்கு வந்த அந்தப் பிரிவு, இணையத்தில் ஒருவருக்கு 'எரிச்சல்' ஊட்டினாலே மூன்றாண்டு வரை சிறை என்றது. 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. செத்த பிரிவிலேயே போலீஸார் தொடர்ந்து வழக்குப் போட்டதால், 2022 அக்டோபரில் 'இனி யார் மீதும் இதில் நடவடிக்கை கூடாது' என்று அதே நீதிமன்றம் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் அந்தப் பிரிவு பேசியவரைத் தண்டிப்பதற்கானது. பேச்சை மறைப்பதற்கான பிரிவுகள் வேறு. அவற்றுள் 69ஏ செல்லும் என்று அதே தீர்ப்பு உறுதிசெய்தது. 79-ஐ ஒரு விளக்கத்தோடு நிலைக்கவிட்டது. தீர்ப்பின் முதல் பாதியைத்தான் எல்லாரும் கொண்டாடினோம். உங்கள் வீடியோ மாட்டிக்கொண்டிருப்பது இரண்டாவது பாதியில்.

எனவே முதல் கேள்வி, முடக்கியது யார், எந்தப் பிரிவின் கீழ் என்பது. பிரிவு தெரியாமல் எழுதும் மனு, முகவரி இல்லாத தபால்.

சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கும் உறவினர் ஒருவரிடம் இணைப்பை அனுப்பித் திறக்கச் சொல்லுங்கள். எங்குமே திறக்கவில்லை என்றால் பெரும்பாலும் நிறுவனம் தன் சொந்த விதிகளின்படி எடுத்திருக்கிறது. வெளிநாட்டில் ஓடுகிறது, இந்தியாவில் மட்டும் இல்லை என்றால் இங்கிருந்து போன உத்தரவு ஒன்று இருக்கிறது. மின்னஞ்சலின் வாசகப்படி உங்களுடையது இரண்டாவது வகை. அது நீதிமன்ற உத்தரவாக இல்லாத பட்சத்தில் இரண்டே வழிகள்தான்.

ஒன்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பிரிவு 69ஏ. மத்திய அரசு மட்டுமே இதைப் பயன்படுத்த முடியும். அதற்கான காரணங்கள் எண்ணி வைக்கப்பட்டவை: நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், பாதுகாப்பு, வெளிநாடுகளுடனான நட்புறவு, பொது அமைதி, இவை தொடர்பான குற்றத்துக்குத் தூண்டுதல். அவதூறு இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள். அரசியல் சட்டத்தின் 19(2) அவதூறையும் நீதிமன்ற அவமதிப்பையும் ஒழுக்கத்தையும் சேர்த்தே சொல்கிறது. 69ஏ அந்த மூன்றையும் விட்டுவிட்டது. குவாரி உரிமம் பெற்றவரின் பெயர் கெட்டுவிட்டது என்பதற்காக 69ஏ-யைத் தொட முடியாது. 2009-ஆம் ஆண்டின் முடக்க விதிகள் நடைமுறையையும் வகுத்திருக்கின்றன. துறை ஒன்றின் கோரிக்கை, இணைச் செயலர் நிலையிலுள்ள அதிகாரியின் தலைமையிலான குழுவுக்குப் போகும். பதிவிட்டவருக்கோ தளத்துக்கோ குறைந்தது 48 மணி நேர அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அவசரம் என்றால் முதலில் முடக்கிவிட்டு 48 மணி நேரத்துக்குள் குழுவின் முன் வைக்க வேண்டும். மறுஆய்வுக் குழு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும்.

தவறு நடப்பது 'பதிவிட்டவருக்கோ தளத்துக்கோ' என்பதிலுள்ள அந்த 'ஓ'வில். அதிகாரிகள் தளத்துக்கு மட்டும் தகவல் சொல்லிவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். ஆனால் விதிகள் செல்லும் என்று சொன்ன ஷ்ரேயா சிங்கால் தீர்ப்பே, பதிவிட்டவர் அடையாளம் தெரிந்தவராக இருந்தால் அவரையும் கேட்க வேண்டும் என்றுதான் அவற்றைப் படித்தது. உங்கள் சேனலில் தொடர்பு முகவரி இருக்கிறதா? இருந்தால் அதைப் படமெடுத்து வையுங்கள். 'ஆள் யாரென்று தெரியவில்லை' என்ற பதில் அங்கேயே விழுந்துவிடும்.

மற்றது பிரிவு 79(3)(பி). உங்கள் வீடியோ குவாரி பற்றியது என்பதால், பந்தயம் கட்டச் சொன்னால் நான் இதன் பக்கம்தான் கட்டுவேன். 79 உண்மையில் தளங்களுக்கான கவசம். பயனர் போட்டதற்குத் தளம் பொறுப்பல்ல. ஆனால் சட்டவிரோதமான ஒன்றைப் பற்றி நீதிமன்றமோ அரசோ தெரிவித்த பிறகும் அகற்றவில்லை என்றால் கவசம் போய்விடும். அதிகாரிகள் இதை உத்தரவாகவே பயன்படுத்தத் தொடங்கினார்கள். 2024 அக்டோபரில் மத்திய உள்துறை அமைச்சகத்தின் கீழ் 'சஹயோக்' என்ற தளமும் வந்தது. மாநிலக் காவல் அதிகாரிகளே அதன் வழியாக நிறுவனங்களுக்கு அறிவிப்பு அனுப்பலாம். இங்கே குழு கிடையாது, 48 மணி நேர நோட்டீஸ் கிடையாது, காரணங்களும் 69ஏ போலக் குறுகியவை அல்ல. தளங்களுக்கான 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் எழுதப்பட்டபோது தளத்துக்குக் கொடுத்த அவகாசம் 36 மணி நேரம். அதற்குள் உங்கள் ஆவணங்களைப் படித்துப் பார்த்து உங்களுக்காக வாதாட எந்த நிறுவனமும் மெனக்கெடாது.

எக்ஸ் நிறுவனம் இதை எதிர்த்துக் கர்நாடக உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2025 செப்டம்பர் 24 அன்று மனு தள்ளுபடியானது. எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடு இல்லை. விலக்கு தருகிற பிரிவுக்குள் அதிகாரம் இருப்பதாகப் படித்தால், 69ஏ-யின் நடைமுறைகளுக்காகவே அந்தப் பிரிவைப் பிழைக்கவிட்ட 2015 தீர்ப்புக்குப் பொருளே இல்லாமல் போகிறது. குறுக்குச் சந்து திறந்திருக்கும்போது சுங்கச்சாவடி வழியாக யார் போவார்கள்? பயனுள்ள மாற்றம் ஒன்று வந்தது. 2025 நவம்பர் 15 முதல், இத்தகைய அறிவிப்பை இணைச் செயலர் அல்லது அதற்கு இணையான நிலைக்குக் குறையாத அதிகாரிதான் தர வேண்டும். காவல்துறை என்றால் அதற்கென்று அதிகாரம் பெற்ற, டிஐஜி நிலைக்குக் குறையாதவர். சட்டப்பிரிவையும் காரணத்தையும் குறிப்பான இணைப்பையும் எழுத வேண்டும். செயலர் நிலை அதிகாரி மாதந்தோறும் ஆய்வு செய்ய வேண்டும். உங்கள் வீடியோவை முடக்கக் கையெழுத்திட்டவர் ஓர் ஆய்வாளர் என்று தெரியவந்தால், உங்கள் மனுவின் முதல் பத்தி தயார்.

வீடியோ முழுவதையும் ஏன் எடுத்தார்கள் என்ற கேள்விக்குள் தொழில்நுட்பமும் இருக்கிறது. இன்று ஏறக்குறைய எல்லாத் தளங்களும் தகவலைக் குறியாக்கி அனுப்பும் ஹெச்டிடிபிஎஸ் வழியே இயங்குகின்றன. நீங்கள் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது, இணைய இணைப்புத் தரும் நிறுவனத்துக்குத் தளத்தின் பெயர் மட்டும் தெரியும். எந்தப் பக்கம் என்பது குறியாக்கத்துக்குள் மறைந்துவிடும். 'இந்தப் பக்கத்தை முடக்கு' என்று இணைப்பு நிறுவனத்திடம் சொன்னால் அதனால் செய்ய முடிந்தது தளம் முழுவதையும் முடக்குவதுதான். ஒரு பக்கத்தை மட்டும் எடுக்கக்கூடியவர் தளத்தை நடத்துபவர். உத்தரவு யாருக்குப் போகிறது என்பதிலேயே எவ்வளவு முடங்கும் என்பது தீர்மானமாகிவிடுகிறது.

2025 பிப்ரவரியில் விகடன் இணையதளம் பலருக்குத் திறக்காமல் போனது நினைவிருக்கும். பிரச்சினை, பிரதமர் கைவிலங்குடன் டிரம்ப் அருகில் அமர்ந்திருப்பதாக வரைந்த ஒரே ஒரு கார்ட்டூன். முடங்கியதோ தளம் முழுவதும். சென்னை உயர் நீதிமன்றம் மார்ச் 6 அன்று, அந்தப் பக்கத்தைத் தற்காலிகமாக நீக்கிவிட்டால் தளத்தைத் திறந்துவிட வேண்டும் என்று இடைக்கால உத்தரவிட்டது. கார்ட்டூன் தவறா சரியா என்பதை அப்போதே முடிவு செய்யாமல், ஒன்றுக்காக எல்லாவற்றையும் பூட்டியதை மட்டும் சரிசெய்த உத்தரவு அது. இந்தச் சண்டை நமக்குப் பழையதும்கூட. 1950-இல் பம்பாயிலிருந்து வந்த 'கிராஸ்ரோட்ஸ்' வார இதழ் தன் எல்லைக்குள் நுழையவே கூடாது என்று மதராஸ் அரசு தடை போட, ரொமேஷ் தாப்பர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது.

இதிலிருந்து உங்கள் மனுவுக்கு ஒரு வரி கிடைக்கிறது. முடக்கத்தை முழுவதும் ரத்து செய்யக் கேளுங்கள். அது இல்லையென்றால், ஆட்சேபமான பகுதி எத்தனையாவது நிமிடத்தில் இருக்கிறது என்று குறிப்பிட்டு அதை மட்டும் நிறுத்திவைக்கவும் மாற்றுக் கோரிக்கை வையுங்கள். 14 நிமிடத்தில் 40 விநாடிதான் தகராறு என்றால் மீதிக்கு அவர்களிடம் பதில் இருக்காது.

அதற்கு முன் செய்ய வேண்டியவை. தளத்தின் இந்தியக் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். அவர்களுடைய உதவிப் பக்கத்தில் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பது விதி. 'ஏன் எடுத்தீர்கள்' என்று கேட்டால் பொத்தாம்பொதுவான பதில்தான் வரும். எந்தப் பிரிவு, உத்தரவு எண், தேதி, அனுப்பிய அலுவலகம், குறிப்பிட்ட இணைப்பு என்று ஐந்தையும் தனித்தனியாகக் கேளுங்கள். 24 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, 7 நாளுக்குள் (2026 பிப்ரவரிக்கு முன் 15 நாள்) முடிவு சொல்ல வேண்டும். பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவுக்கு இணையம் வழியே போகலாம். ஆனால் அந்தக் குழு நிறுவனத்தின் முடிவைத் திருத்துவதற்கு. அரசின் உத்தரவைத் திருத்த அல்ல. உங்கள் விஷயத்தில் அதில் மாதக்கணக்கைச் செலவிட வேண்டாம்.

கூடவே ஒரு தகவல் உரிமை மனு. பத்து ரூபாய், 30 நாள். 69ஏ என்றால் முடக்க விதி 16-இன் இரகசியத்தைக் காட்டி மறுப்பார்கள். மறுப்பே உங்களுக்குத் துப்பு: உத்தரவு 69ஏ-யின் கீழ் என்று அவர்களே சொன்னதாகிவிடும். 79 வழியாக நடந்ததற்கு அந்த விதி 16 பொருந்தாது. எனவே மனுவை டெல்லிக்கு மட்டும் போடாமல் மாநிலக் காவல்துறையின் சைபர் குற்றப் பிரிவுக்கும் போடுங்கள். உத்தரவின் நகல் தர முடியாது என்பதும் கல்லில் செதுக்கியது அல்ல. வரதட்சணையைக் கிண்டல் செய்து 'வரதட்சணைக் கணிப்பான்' தளம் நடத்திய பத்திரிகையாளருக்கு, முடக்க உத்தரவின் நகலைத் தந்து அவர் தரப்பையும் கேட்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2022 மே மாதம் சொன்னது. அங்கேயும் கிண்டல் புரியாமல்தான் முடக்கியிருந்தார்கள்.

அதன் பிறகு அரசியல் சட்டத்தின் 226-ஆவது கூறின்படி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. விருதுநகருக்கு மதுரைக் கிளை.

எஃப்.ஐ.ஆர். பயம் பற்றி. கிரிமினல் அவதூறு, அதாவது இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 356, போலீஸார் தாமாக வழக்குப் பதியக்கூடிய குற்றம் அல்ல. பாதிக்கப்பட்டவர் மாஜிஸ்திரேட்டிடம் தனிப்புகார் கொடுக்க வேண்டும். அதனால் 196, 353 போன்ற பகைமை, வதந்திப் பிரிவுகளைச் சேர்த்துக்கொள்வார்கள். பேச்சு, எழுத்து தொடர்பாக மூன்றாண்டு அல்லது அதற்கு மேல், ஏழாண்டுக்குக் குறைவான தண்டனையுள்ள புகார் வந்தால், பிஎன்எஸ்எஸ் எனும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173(3)-இன்படி டிஎஸ்பி அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை செய்வதே பொருத்தம் என்று இம்ரான் பிரதாப்கடி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று கூறியது. பேச்சை எடைபோடும்போது உறுதியான, துணிவுள்ள மனிதரின் காதால் கேட்க வேண்டும். எதற்கும் நடுங்குகிறவரின் காதால் அல்ல என்றும் சொன்னது. காவல்நிலையத்திலிருந்து அழைப்பு வந்தால் அதே சட்டத்தின் 35(3)-இன் கீழ் எழுத்துபூர்வ நோட்டீஸ் கேளுங்கள். வந்தால் தவறாமல் போங்கள். நகைச்சுவைகூட வழக்காகும் ஊர் நம்முடையது. குடும்பத்தோடு மலைக்குப் போன படத்தைப் போட்டு 'துப்பாக்கிப் பயிற்சிக்காக சிறுமலை பயணம்' என்று எழுதியவர் மேல் வாடிப்பட்டி போலீஸார் பதிந்த வழக்கை, 2021 டிசம்பரில் மதுரைக் கிளைதான் ரத்து செய்தது.

வாட்ஸப் குழுவைப் பொறுத்தவரை, உறுப்பினர் ஒருவர் போட்டதற்காக அட்மின் என்பதாலேயே ஒருவர் குற்றவாளி ஆகமாட்டார். பம்பாய், கேரள உயர் நீதிமன்றங்களும் மதுரைக் கிளையும் இதில் ஒரே பக்கம். பகிர்ந்தவர் நிலை வேறு. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய பதிவை 2018-இல் பகிர்ந்த எஸ்.வி.சேகர், படிக்காமல் பகிர்ந்துவிட்டேன் என்றார், நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். வழக்கை ரத்து செய்ய 2023-இல் உயர் நீதிமன்றமும் மறுத்தது, உச்ச நீதிமன்றமும் மறுத்தது. பிறகு ஒரு மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. ஆக, உங்கள் வீடியோவில் குற்றம் இல்லையென்றால் பகிர்ந்தவருக்கும் இல்லை. இருந்தால் 'நான் பகிர மட்டும்தான் செய்தேன்' என்பது உதவாது.

ஒரு சின்ன வேலை பாக்கி. அந்த மின்னஞ்சலை அச்செடுத்துக்கொண்டு வழக்கறிஞரிடம் போகாதீர்கள். எங்கிருந்து, எப்போது, எந்த வழியே வந்தது என்று காட்டும் முழுத் தலைப்புத் தகவல்களோடு (ஹெடர்) கோப்பாகவே இறக்கி வையுங்கள். வீடியோவின் மூலக்கோப்புக்கும் அதற்கும் இன்றே எஸ்ஹெச்ஏ-256 ஹாஷ் எண்ணை (கோப்பின் கைரேகை மாதிரி) எடுத்து, தேதி போட்டுக் குறித்துவிடுங்கள். மின்னணுச் சாட்சியத்தை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் பிரிவு 63-இன்படி தரும் சான்றிதழ் படிவம் அந்த எண்ணைக் கேட்கிறது. கோப்பை வாட்ஸப்பில் அனுப்பிவிட்டுத் திரும்ப இறக்கினால் அது சுருங்கி எண் மாறிவிடக்கூடும், பென் டிரைவில் கொண்டுபோங்கள்.